சுமைதாங்கி

யாழ்ப்பாணத்துப் பழைய தெருக்களிலே நடந்து செல்வோர், மரநிழல் பரந்த சந்திகளிலும் மடங்களின் அருகிலும் ஒரு கற்கட்டை இன்றும் சில இடங்களிற் காணலாம். இரண்டு கற்களை நிமிர்த்தி நட்டு, அவற்றின்மேல் இன்னொரு கல்லைக் குறுக்கே கிடத்தியிருப்பார்கள். பக்கத்திலே ஒரு கிணறும், மாடுகள் உடம்பை உரோஞ்சிக்கொள்ள ஓர் ஆவுரோஞ்சிக் கல்லும் இருக்கும். வண்டி வாகனம் அருமையாயிருந்த காலத்திலே, தலைச்சுமையோடு சந்தைக்குப் போன ஆணும் பெண்ணும் தம் சுமையை இறக்கி வைத்து இளைப்பாறிய இடம் அது. அதற்குச் சுமைதாங்கி என்று பெயர். கருவுற்ற நிலையில் இறந்துபோன பெண்களின் நினைவாக அதனை நாட்டும் வழக்கமும் நம்மவரிடையே இருந்தது. தன் சுமையை இறக்கி வைக்காமலே போனவளின் பெயரால், வழிப்போக்கரின் சுமையை இறக்க ஒரு கல்! இதனிலும் பொருத்தமான நினைவுச் சின்னம் வேறு என்ன இருக்க முடியும்?

அந்தக் கல்லின் உயரத்தைச் சற்றே கவனிக்க வேண்டும். சுமையை நிலத்திலே இறக்கி வைத்தவனுக்கு, அதை மீண்டும் தலையில் ஏற்ற இன்னொருவரின் கை வேண்டும். சுமைதாங்கியிலே வைத்தவனுக்கு அந்தத் தொல்லை இல்லை. தானே சாய்ந்து தானே தூக்கிக்கொள்ளலாம். சுமைதாங்கி பிறர் சுமையை வாங்கித் தன் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. “இவ்வளவு பாரத்தை ஏன் தூக்கினாய்?” என்று கேட்பதுமில்லை. சற்று நேரம் தாங்கி நிற்கிறது, அவ்வளவே.

இக்காலத்தில் தலைச்சுமை குறைந்துவிட்டது. மனச்சுமையோ கந்தோர்களிலும் வங்கிகளிலும் தொழிற்சாலைகளிலும் வைத்தியசாலைகளிலும் பெருகிவிட்டது. நம்மோடு ஒரே மேசையில், ஒரே வார்ட்டில் நாள்தோறும் வேலை செய்யும் ஒருவரின் மனம் தளர்ந்துபோனால் நாம் செய்யத்தக்கது யாது? நாம் அவருக்குத் தாயுமல்லோம், வைத்தியருமல்லோம். ஆனால் அவருடைய வீட்டார் காண்பதிலும் அதிக நேரம் அவரைக் காண்பவர்கள் நாமே. இந்தக் கேள்வி என் வாழ்க்கையிலே ஒரு காலத்தில் நேர்முகமாக வந்து நின்றது. அதனாற் கற்றவற்றை வாசகர்களோடு, சிறப்பாக நாளை உத்தியோகம் பார்க்கப்போகும் மாணவ மாணவியரோடு, பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நான் ஒரு பெரிய அரசாங்க வைத்தியசாலையிலே, அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் தாதியாகப் பணியாற்றினேன். காலை ஏழு மணி முதல் ஒரு மணி வரை ஒரு கடமை. ஒரு மணி முதல் மாலை ஏழு மணி வரை இன்னொன்று. மாலை ஏழு முதல் மறுநாட் காலை ஏழு வரை இரவுக் கடமை. சுவாச இயந்திரத்தின் துணையால் மூச்சு விடுபவர்களுக்கு அருகில் நின்று, இரத்த அமுக்கத்தையும் ஒட்சிசன் அளவையும் சிறுநீரின் அளவையும் மணிக்கு மணி குறித்து, துளித்துளியாகச் செல்லும் மருந்துகளின் கணக்கைப் பார்க்க வேண்டும். அங்கே ஒரு தசமப் புள்ளி இடம் மாறினாலும் ஓர் உயிருக்கு ஆபத்து. இயந்திரங்களின் எச்சரிக்கை மணியோசை வீட்டுக்கு வந்து படுத்த பின்னரும் காதிலே கேட்டுக்கொண்டிருக்கும்.

2021ஆம் ஆண்டு ஆகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் கொவிட் நோயின் பேரலை நம் நாட்டில் எழுந்ததை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். ஆகஸ்ட் மாத முடிவிலே நாளொன்றுக்கு இருநூறு பேர் அளவில் இறந்தார்கள். உறவினர் உள்ளே வர முடியாது. பாதுகாப்பு அங்கிக்குள் வியர்வையில் நனைந்தபடி, நோயாளியின் காதருகே கைத்தொலைபேசியைப் பிடித்து, மகளின் குரலையோ மனைவியின் குரலையோ கேட்கச் செய்தவர்கள் தாதியரே. பல சமயங்களில் அதுவே கடைசிக் குரலாகவும் அமைந்தது.

எங்களோடு மட்டக்களப்புப் பக்கத்துப் பெண்ணொருத்தி வேலை செய்தாள். பயிற்சி முடித்து வந்து நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. தாதியர் விடுதியிலே தங்கியிருந்தாள். கைச்சுறுசுறுப்பும் சிரித்த முகமும் உடையவள். என்னை ‘அக்கா’ என்றே அழைப்பாள். அந்தப் பேரலையின்போது அவள் தளரவேயில்லை. பிறர் கடமையையும் கேட்டு வாங்கிச் செய்தாள். அலை தணிந்து, ஒக்டோபரில் நாடு மீண்டும் திறக்கப்பட்டு, எல்லோரும் மூச்சு விட்ட பின்னரே அவளிடத்தில் மாறுதல் தோன்றியது. வெள்ளம் பாயும்போது சுவர் நிற்பதுண்டு. வெள்ளம் வடிந்து வெயில் எறித்த பின்பே அது சரிவதுண்டு. மனமும் அத்தகையது. நெருக்கடி முடிந்துவிட்டதென்று நாம் அயர்ந்திருக்கும் வேளையே கவனம் மிகவும் வேண்டிய வேளை.

அந்த மாறுதல்கள் பெரியவையல்ல. கொண்டுவந்த சோற்றுப் பார்சலைப் பிரிக்காமலே திருப்பிக் கொண்டுபோவாள். ஒருமுறை எண்ணி எழுதியதை நான்கு முறை எண்ணுவாள். கடமை தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாக வந்துவிடுவாள். முடிந்த பின்பும் போகமாட்டாள். சின்னச் சொல்லுக்கும் சினம் வந்தது. முன்பெல்லாம் நோயாளியைப் பெயர் சொல்லி அழைத்தவள், கட்டில் இலக்கத்தாற் குறிப்பிடத் தொடங்கினாள். ஒரு மாலைப்பொழுது, அவள் ஆயத்தம் செய்த மருந்தொன்றின் கணக்கிலே புள்ளி பிசகியிருந்தது. இருவர் பார்த்துக் கையொப்பமிட்ட பின்னரே அத்தகைய மருந்தைத் தொடங்குவது வழக்கமாதலால், பிழை உடனே பிடிபட்டது. நோயாளிக்கு ஒரு தீங்கும் நேரவில்லை. ஆயினும் அவள் சுவரோடு சாய்ந்து நின்று, நடுங்கும் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதன்பின் வார்ட்டிலே பலவிதமான அபிப்பிராயங்கள் எழுந்தன. “மனதைத் திடப்படுத்திக்கொள்” என்றார் ஒருவர். “கோயிலுக்கு ஒரு நேர்த்திக்கடன் வை” என்றார் இன்னொருவர். “கலியாணம் முடித்தால் எல்லாம் சரியாகும்” என்றவரும் உண்டு. கெட்ட எண்ணத்தால் ஒருவரும் சொல்லவில்லை. ஆனால் இவற்றையெல்லாம் கேட்பவரின் பக்கத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். மனதைத் திடப்படுத்த முடியுமானால் அவள் முன்னரே திடப்படுத்தியிருக்கமாட்டாளா? புத்திமதி ஒவ்வொன்றும், அவளாற் செய்ய முடியாத இன்னொரு வேலையாகவே அவள் தலையில் ஏறியது. கோயிலுக்குப் போவது நல்லதே. அவளோடு கூடப் போயிருந்தால் இன்னும் நல்லதாயிருக்கும். கூடப் போக ஆள் இல்லாத புத்திமதியினால் என்ன பயன்?

இதனிலும் கொடியது மறைவில் நடந்த பேச்சு. “அங்கொடைக்கு அனுப்ப வேண்டிய ஆள்” என்று யாரோ முணுமுணுத்தார்கள். அங்கொடையிலுள்ள வைத்தியசாலை இன்று தேசிய மனநல நிறுவகம் என்னும் பெயரோடு, நாட்டின் முதன்மையான மனநல வைத்தியசாலையாக விளங்குகிறது. ஆனால் நம் நாட்டில் அவ்வூரின் பெயரே ஒரு வசைச்சொல்லாக வழங்கிவருகிறது. இருதய நோய்க்கு வைத்தியரிடம் போகிறவரை நாம் ஏளனம் செய்வதில்லை. மனநோய்க்குப் போகிறவரை மாத்திரம் ஏளனம் செய்கிறோம். அந்த ஏளனத்துக்குப் பயந்து வைத்தியரிடம் போகாமலே அழிந்தவர்கள் எத்தனை பேர்! நோயாளிகளைப் பராமரிக்கும் நாங்களே இப்படிப் பேசினால், ஊராரைக் குறைகூற என்ன இருக்கிறது?

நிற்க. உழைப்பினால் வரும் களைப்பு வேறு; மனநோய் வேறு. இந்த வேறுபாட்டை உடன் வேலை செய்வோர் ஓரளவு அறிந்திருத்தல் நலம். நியூயோர்க்கில் ஓர் இலவச வைத்திய நிலையத்திற் பணியாற்றிய ஹேர்பேர்ட் பிராய்டன்பேகர் என்னும் உளவியலாளர், பிறருக்குத் தொண்டு செய்வோர் நாளடைவில் எண்ணெய் வற்றிய விளக்குப்போலத் திரி கருகிப் போவதைக் கண்டு, 1974ஆம் ஆண்டு அதைப்பற்றி எழுதினார். ஆங்கிலத்தில் அதனை ‘பேர்ண் அவுட்’ என்பார்கள். 2019இல் உலக சுகாதார நிறுவனம் அதற்கு மூன்று அடையாளங்கள் கூறியது: ஆற்றல் அடியோடு வற்றிப்போதல், செய்யும் தொழிலில் மனம் விலகிக் கசப்படைதல், தன்னால் எதையும் திறம்படச் செய்ய முடியவில்லை என்னும் உணர்வு. இது ஒரு நோயன்று, நெடுநாட்பட்ட தொழில் நெருக்கடியினால் விளையும் ஒரு நிலை என்பதே அந்நிறுவனத்தின் வரையறை.

ஆனால் ஓய்வு கொடுத்தும் தெளியாத மனம் உண்டு. விடுமுறை நாளிலும் விடியலிலேயே பாரம் நெஞ்சில் ஏறும். உணவும் உறக்கமும் கெடும். முன்பு விரும்பியது எதுவும் இன்பம் தராது. நான் பிறருக்குப் பாரம், என்னால் ஒருவருக்கும் பயனில்லை என்ற எண்ணம் விடாது பற்றும். இந்நிலை இரண்டு வாரத்துக்கு மேலும் நீடித்தால், அது மனச்சோர்வு என்னும் நோயாக இருக்கக்கூடும். அதற்கு வைத்தியம் வேண்டும். இன்ன நோய் என்று தீர்மானிப்பது உடன் வேலை செய்பவரின் கடமையன்று. “இது என் கையால் ஆற்றக்கூடியதன்று, வைத்தியர் பார்க்க வேண்டியது” என்று உணர்வது மட்டுமே அவருடைய கடமை.

அந்த மருந்துக் கணக்குப் பிசகிய மறுநாள், கடமை முடிந்த பின்பு, துணி அடுக்கும் அறையிலே நாங்கள் இருவரும் இருந்தோம். இரண்டு கோப்பை பிளேன்ரீ கொண்டுபோயிருந்தேன். “நேற்று என்ன நடந்தது?” என்று நான் கேட்கவில்லை. “தங்கச்சி, சில கிழமைகளாக நீ சாப்பிடுவதில்லை, வீட்டுக்குப் போவதுமில்லை. எனக்கு உன்னைப் பற்றி யோசனையாயிருக்கிறது” என்று மட்டும் சொன்னேன். நாம் கண்ணாற் கண்டதைச் சொன்னால் எதிரேயிருப்பவர் மறுக்கத் தேவையில்லை. ‘உனக்கு மனநோய்’ என்று சொன்னாலோ கதவு மூடிவிடும்.

அவள் நெடுநேரம் பேசவில்லை. நானும் பேசவில்லை. பேச்சில்லாத அந்த இடைவெளியை நிரப்பிவிட நமக்கெல்லாம் ஆசை வரும். நம் கதையைச் சொல்லவோ, ஆறுதல் கூறவோ வாய் துடிக்கும். அடக்கிக்கொள்வதே நல்லது. தேநீர் ஆறிய பின்பு அவள் பேசினாள். தொலைபேசியைப் பிடித்துக் கொடுத்த ஒரு நோயாளியைப் பற்றி, அவருடைய சின்ன மகன் மறுமுனையில் பாடிக்காட்டிய பாட்டைப் பற்றிச் சொன்னாள். அந்தப் பாட்டு இரவு முழுவதும் தன் காதிலே கேட்கிறது என்றாள். மேலும் விவரம் கேட்டு நான் அவளைத் துருவவில்லை. துன்பம் கண்டவர்களை ஒரே இருப்பில் எல்லாவற்றையும் கட்டாயமாகச் சொல்ல வைத்தால் பிற்கால மனவடு தடைப்படும் என்று முன்னொரு காலத்தில் நம்பினார்கள். அது பயன் தரவில்லை என்றும், சிலருக்குத் தீங்கே செய்தது என்றும் பின்வந்த ஆய்வுகள் காட்டின. அவர் விரும்பிய அளவு சொல்ல, நாம் கேட்பதே போதுமானது.

ஆனால் ஒரு கேள்வியை நாம் கேட்டே ஆக வேண்டும். அதைக் கேட்க நாக்குக் கூசும். “தங்கச்சி, உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் உனக்கு வருகிறதா?” என்று கேட்டேன். இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை உண்டாக்கிவிடுவோமோ என்று பலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் ஆதாரமற்றது. நேராகவும் அன்பாகவும் கேட்பதனால் அத்தகைய எண்ணம் புதிதாக முளைப்பதில்லை என்பதே ஆராய்ச்சியாளர் கண்ட முடிவு. தனியே மறைத்து வைத்திருந்த எண்ணத்தை வெளியே சொல்ல ஒரு வாசல் திறக்கிறது, அவ்வளவே.

“நித்திரையால் எழும்பாமலே போனால் நல்லது என்று ஒவ்வொரு இரவும் நினைக்கிறேன், அக்கா” என்றாள். பின்பு என் கையைப் பிடித்து, “ஒருவருக்கும் சொல்ல வேண்டாம். வேலை போய்விடும். வீட்டிலே என் சம்பளத்தை நம்பித்தான் இருக்கிறார்கள்” என்று அழுதாள்.

அன்பினால் அந்த வாக்கைக் கொடுத்துவிடத் தோன்றும். கொடுக்கலாகாது. உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் இரகசியம் காப்பதாகச் சத்தியம் செய்தவர், பின்னர் ஒன்றில் சத்தியத்தை முறிக்க வேண்டும். அல்லது ஓர் உயிரைத் தனியே சுமக்க வேண்டும். “வம்புக்கு ஒருவருக்கும் சொல்லமாட்டேன். உன்னைக் காப்பாற்றுவதற்கு யாருக்குச் சொல்ல வேண்டுமோ, அவர்களுக்கு உன்னையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்வேன்” என்றேன். அவள் மறுத்துப் பேசவில்லை. சற்று நேரத்தின் பின், “நீங்கள் கூட வருவீர்களா?” என்று கேட்டாள்.

அன்று இரவு அவள் விடுதியிலே தனியே இருக்கவில்லை. எங்கள் வீட்டிலே தங்கினாள். மறுநாட் காலை அவளும் நானும் பொறுப்புத் தாதியிடம் போனோம். சிஸ்டர் கண்டிப்பானவர் என்று பெயர் பெற்றவர். அவர் கதவைச் சாத்திவிட்டு, முழுவதையும் கேட்டு, “இப்போது முதலில் என்ன செய்ய வேண்டும்?” என்று மட்டும் கேட்டார். அவளுக்குச் சுகவீன விடுமுறை என்று மற்றவர்களுக்குச் சொல்வதென்றும், அதற்குமேல் விவரம் சொல்வதில்லையென்றும் முடிவாயிற்று. தெரிந்த முகங்கள் இல்லாத வேறொரு வைத்தியசாலையின் மனநலக் கிளினிக்குக்குப் போக அவள் விரும்பினாள். அன்றைக்கே பஸ் ஏறினோம். பெயர் கூப்பிடும் வரை வாங்கிலே இருந்த நேரத்தில் அவள் இருமுறை எழுந்து திரும்பிப் போகப் பார்த்தாள். நான் உபதேசம் ஒன்றும் செய்யவில்லை. ஒரு பணிஸ் வாங்கிப் பாதியைக் கொடுத்தேன். அவளைத் தனியே அனுப்பியிருந்தால் அந்த வாங்கிலிருந்தே அவள் வீடு திரும்பியிருப்பாள்.

வைத்தியர் மாத்திரைகள் கொடுத்தார். உளவளத்துணைக்கும் ஒழுங்கு செய்தார். மாத்திரையின் பலன் தெரிய இரண்டு மூன்று வாரங்கள், சில வேளை அதற்கு மேலும், ஆகலாம் என்று விளக்கினார். இதை உடனிருப்பவர்கள் நன்கு மனத்திற்கொள்ள வேண்டும். முதல் வாரத்திலேயே “குணமில்லை” என்று மருந்தை எறிவோரும், சற்றுக் குணம் கண்டவுடன் தாமாகவே நிறுத்திவிடுவோரும் அநேகர். அந்த இடைக்காலத்தில் நாளுக்கு ஒருமுறை தொலைபேசியில் “மாத்திரை போட்டாயா? சாப்பிட்டாயா?” என்று கேட்கும் ஒரு குரல் பெரிய காரியங்களைச் செய்யும்.

நான் மட்டும் அந்தக் குரலாக இருக்கவில்லை. அவள் சம்மதத்தோடு இன்னொரு தாதியையும் சேர்த்துக்கொண்டேன். ஒரு நாள் அவர், ஒரு நாள் நான். துணை நிற்பவரும் மனிதரே. அவருக்கும் வீடும் பிள்ளைகளும் உறக்கமும் உண்டு. ஒருவர் தனியாகத் தாங்கப் புகுந்தால், சில வாரங்களிலே தாங்கப்பட வேண்டியவர் இருவராகிவிடுவர். சுமைதாங்கிக்கும் கால் இரண்டு அல்லவா?

இனி, இத்தகைய கட்டுரைகளிற் பெரும்பாலும் சொல்லாமல் விடப்படும் ஒன்றைச் சொல்லவேண்டும். ஒருவர் விலகி நின்றால் அவருடைய இரவுக் கடமைகளை மற்றவர்களே பங்கிட வேண்டும். சில வாரங்களில் முணுமுணுப்பு எழுந்தது. இரண்டு கைக்குழந்தைகளை வீட்டில் விட்டு வரும் ஒருவர், “எங்களுக்கும் மனம் உண்டு. அது தளர்ந்தால் யார் பார்ப்பார்கள்?” என்று வெளிப்படையாகவே கேட்டார். அதைப் பொறாமை என்று தள்ளிவிடலாகாது. நியாயமான கேள்வி அது. சிஸ்டர் அதை அவ்வாறே எடுத்துக்கொண்டார். எவருக்கும் தாங்க முடியாத காலம் வந்தால், காரணத்தை எல்லோர் முன்னும் சொல்லாமலே குறிப்பிட்ட காலத்துக்கு இரவுக் கடமையிலிருந்து விலகிக்கொள்ளலாம். மற்றவர்கள் முறைவைத்து ஈடுசெய்வார்கள் என்று வார்ட்டிலே ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினார். ஒருத்திக்குச் செய்த சலுகையாக இருந்தது எல்லோருக்கும் உரிய உரிமையாயிற்று. முணுமுணுப்பு அடங்கியது. அடுத்து அந்த உரிமையைக் கேட்டுப் பெற்றவர், கேள்வி கேட்ட அந்தத் தாயாரே.

அவள் இரண்டு மாதங்களின் பின் வேலைக்குத் திரும்பினாள். முதலிற் பகற்கடமை மட்டும். மருந்து அலுமாரியின் சாவி பொறுப்பு இல்லாத வேலை. அது தண்டனையாகத் தோன்றாதபடி, கடமைப் பட்டியலிலேயே வேலைகளை மாற்றியமைத்தார் சிஸ்டர். அவளும் வைத்தியரும் ஆயத்தம் என்று சொன்னபோது, படிப்படியாக எல்லாப் பொறுப்பும் திரும்பக் கொடுக்கப்பட்டது. அவளைக் கண்ணாடிப் பாத்திரம்போல ஏந்தித் திரியவில்லை. அப்படி நடத்தினால், “உன்னை இனி நம்பமாட்டோம்” என்று நாள்தோறும் சொல்வது போலாகும். தன் கைத்திறனைத் தானே மீண்டும் காண்பதும் மருந்தின் ஒரு பகுதியே. 2022ஆம் ஆண்டிலே எரிபொருள் வரிசைகளும் மருந்துத் தட்டுப்பாடும் நாட்டை வாட்டியபோது அவள் ஒருமுறை மீண்டும் தளர்ந்தாள். ஆனால் இம்முறை அவளே எங்களிடம் வந்து சொன்னாள். போகவேண்டிய வழி முன்னரே தெரிந்திருந்தது.

அவளுடைய சாவிப் பொறுப்பை மாற்றியதற்குப் பின்னால் நம் நாடு முழுவதும் கற்ற ஒரு பாடம் இருக்கிறது. 1995ஆம் ஆண்டில் இலங்கையில் நூறாயிரம் பேருக்கு 47 பேர் அளவில் தற்கொலையால் இறந்தார்கள். உலகில் அன்று மிக உயர்ந்த விகிதங்களுள் அது ஒன்று. கொடிய நஞ்சுள்ள பூச்சிநாசினிகளைப் படிப்படியாகத் தடைசெய்த பின், இருபது ஆண்டுகளில் அவ்விகிதம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. சாக விரும்பும் எண்ணம் பெரும்பாலும் ஓர் அலை. அந்த வேளையில் ஆபத்தான பொருள் கைக்கெட்டாமலும் ஒரு மனிதர் கைக்கெட்டியும் இருந்தால், அலை கடந்துபோகும், உயிர் எஞ்சும். தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாகக் கருதிய சட்டமும் 1998இல் நீக்கப்பட்டது. ஆதலால் உதவி தேடுவோர் பொலிசுக்கு அஞ்ச வேண்டியதில்லை. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்தை யாரும் அழைக்கலாம். 1974இல் தொடங்கப்பட்ட சுமித்ராயோ என்னும் தொண்டு நிறுவனத்திலும் மனம் நொந்தோரின் பேச்சைப் பொறுமையோடு கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

ஆயினும் முழுப் பொறுப்பையும் தோழமையின் தலையில் ஏற்றுவது நியாயமாகாது. பத்துப் பேர் செய்யவேண்டியதை ஆறு பேரைக் கொண்டு செய்விக்கும் இடத்திலே, ஒருவரையொருவர் ஆற்றுப்படுத்திக்கொண்டிருப்பது ஓட்டைத் தோணியில் நீர் இறைப்பதற்கு ஒப்பாகும். 2022இல் உலக சுகாதார நிறுவனம் தொழிலிடங்களின் மனநலம் பற்றி வெளியிட்ட வழிகாட்டலும், தனிமனிதரைத் தேற்றுவதோடு நில்லாமல் வேலையின் அளவையும் நேரத்தையும் முறையையும் திருத்த வேண்டுமென்றும், மேலதிகாரிகளுக்கு இதிற் பயிற்சி அளிக்க வேண்டுமென்றும் கூறுகிறது. சுமைதாங்கியை நாட்டியவர்கள் ஊரார் அல்லரோ? வழிப்போக்கன் தன் தலைச்சுமையோடு ஒரு கல்லையும் சுமந்துகொண்டு வரவேண்டுமென்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை.

மாணவச் செல்வங்களே, நீங்கள் நாளை வைத்தியராகவோ தாதியராகவோ, பொலிஸ் உத்தியோகத்தராகவோ, பத்திரிகையாளராகவோ ஏதோவொரு கடமையில் அமர்வீர்கள். பரீட்சைக்குப் படிக்காத ஒரு பாடம் அங்கே உங்களுக்குக் காத்திருக்கும். அடுத்த மேசையிலிருப்பவர் சில நாட்களாகச் சாப்பிடாமலிருப்பதைக் கவனியுங்கள். தனியே அழைத்து, கண்டதைச் சொல்லிக் கேளுங்கள். அவர் பேசும்போது குறுக்கிடாதீர்கள். கேட்க வேண்டிய கடினமான கேள்வியைக் கேளுங்கள். காக்க முடியாத வாக்கைக் கொடுக்காதீர்கள். வைத்தியரிடம் போகச் சொல்வதோடு நில்லாமல், கூடப் போங்கள். இவற்றுக்குப் பட்டம் தேவையில்லை. பணமும் அதிகம் தேவையில்லை. ஒரு பஸ் பயணத்துக்கான காசும், அரை நாள் விடுமுறையும், பாதிப் பணிசும் போதும். அந்தப் பெண் இன்றும் அதே தொழிலைச் செய்கிறாள். நோயாளிகளைப் பெயர் சொல்லியே அழைக்கிறாள்.